அக்கிலீஸ் கதைல பாம்பே எங்க போச்சு?

ஹெச்.எம்.எஸ். அக்கிலீஸ்னு ஒரு ப்ரிட்டிஷ் லைட் க்ரூசர், அதாவது நடுத்தர சைஸ் போர்க்கப்பல். அத பத்தி எங்க படிச்சாலும் ஒரே மாதிரி தான் எழுதிருப்பாங்க. 1939 டிசம்பர்ல தென் அமெரிக்கா பக்கத்துல ஜெர்மன்காரன் கப்பல் க்ராஃப் ஷ்பேய தொரத்துன சண்டைய நிமிஷத்துக்கு நிமிஷம் வெச்சு பத்து பக்கம், அப்புறம் பசிபிக் யுத்தம் ரெண்டு பத்தி, கடைசில இந்தியாவுக்கு வித்துட்டாங்க, 1978ல சர்வீஸ் முடிஞ்சுதுன்னு ஒத்த வரில முடிச்சுருவாங்க. கணக்கு போட்டு பாருங்க. 1933ல இருந்து 1948 வரைக்கும் 15 வருஷம், 1948ல இருந்து 1978 வரைக்கும் 30 வருஷம். அதாவது மொத்த ஆயுசுல மூணுல ரெண்டு பங்கு இங்க நம்ம பாம்பேல ஐ.என்.எஸ். டெல்லியா ஓடுன கப்பல் அது, அந்த 30 வருஷத்துக்கு தான் ஒத்த வரி. எனக்கு இது ரொம்ப நாளா கடுப்பு. அதான் உக்காந்து எழுதிட்டேன், கொஞ்சம் நீளம், டீ போட்டுகிட்டு வாங்க.

மொதல்ல கப்பல பத்தி சொல்லிடறேன். 1930ல லண்டன்ல பெரிய நாடுங்க எல்லாம் உக்காந்து ஒரு ஒப்பந்தம் போட்டப்போ க்ரூசர ரெண்டா பிரிச்சாங்க, 6.1 இன்ச்சுக்கு மேல பீரங்கி இருந்தா ஹெவி, அதுக்குள்ள இருந்தா லைட். ப்ரிட்டன்காரனுக்கு ஒலகம் பூரா காலனி, ஒலகம் பூரா சரக்கு கப்பல், அத பாத்துக்க நெறைய க்ரூசர் வேணும், ஆனா பணம் இல்ல, அதனால அளவான சைஸ்ல லியாண்டர் க்ளாஸ்னு அஞ்சு கப்பல் கட்டுனாங்க, லியாண்டர், ஒரையன், நெப்டியூன், ஏஜாக்ஸ், அக்கிலீஸ். நம்ம அக்கிலீஸ் பர்க்கென்ஹெட்ல கேமல் லேர்ட் யார்டுல 1931 ஜூன்ல ஆரம்பிச்சு, 1932 செப்டம்பர் 1ந் தேதி தண்ணில எறங்கி, 1933 அக்டோபர்ல சர்வீஸுக்கு வந்துச்சு. 7,000 டன்னுக்கு கொஞ்சம் மேல எடை, 169 மீட்டர் நீளம், நம்ம லோக்கல் ட்ரெயின்ல எட்டு பெட்டி வரிசையா நின்னா வர்ற நீளம்னு வெச்சுக்கோங்க. ரெண்டு ரெண்டு பீரங்கியா நாலு டர்ரெட் (பீரங்கி வெச்ச, சுத்தி திரும்பற இரும்பு கூடு), முன்னாடி ரெண்டு பின்னாடி ரெண்டு, எல்லாம் 6 இன்ச். 72,000 குதிரை சக்தி டர்பைன், 32.5 நாட் ஸ்பீடு, நம்ம கணக்குல மணிக்கு 60 கிலோமீட்டர். அப்புறம் அத தூரத்துலயே அடையாளம் காட்டறது நடுவுல இருக்கற ஒரே ஒரு பெரிய சிம்னி. மத்த க்ரூசருக்கெல்லாம் ரெண்டு மூணு இருக்கும், இதுக்கு எல்லா பாய்லர் புகையையும் ஒண்ணா சேத்து ஒத்த சிம்னில விட்டுட்டாங்க.

இந்த மாதிரி கப்பல்ல கவசம்னு ஒண்ணும் பெருசா கிடையாது. டர்ரெட் சுத்தி இருக்கற இரும்பே ஒரு இன்ச் தான். குண்டு படாம ஓடி தப்பிக்கணும், இல்லன்னா முந்திகிட்டு அடிக்கணும்.

அந்த ஃபேமஸ் சண்டைக்கு வரேன், விட்டா திட்டுவீங்க. 1936-37 வாக்குலயே அக்கிலீஸ நியூசிலாந்துக்குன்னு குடுத்துட்டாங்க, அதனால யுத்தம் ஆரம்பிச்சப்போ கப்பல்ல இருந்தவங்கள்ல பாதிக்கு மேல நியூசிலாந்து பசங்க. அந்தப் பக்கம் ஜெர்மன்காரன் க்ராஃப் ஷ்பேய யுத்தம் தொடங்கறதுக்கு முன்னாடியே கடல்ல விட்டு வெச்சிருந்தான். அட்லாண்டிக்லயும் இந்தியப் பெருங்கடல்லயுமா சுத்தி 9 சரக்கு கப்பல மூழ்கடிச்சுது, ஆனா கேப்டன் லாங்ஸ்டார்ஃப் அந்த 9 கப்பல்லயும் ஒரு மாலுமிய கூட சாக விடல, எல்லாரையும் எறக்கிட்டு தான் மூழ்கடிச்சாரு. மெட்ராஸ்காரங்களுக்கு இந்த மாதிரி ஆளு புதுசில்ல, 1914 செப்டம்பர்ல ராத்திரி வந்து பர்மா ஆயில் டேங்க கொளுத்திட்டு போன எம்டனும் இதே தொழில் தான், அத நவம்பர்ல கோகோஸ் தீவுல மடக்குன ஆஸ்திரேலியா கப்பல் சிட்னியும் ஒரு லைட் க்ரூசர் தான்.

தென் அட்லாண்டிக்ல இத தேடிட்டு இருந்த க்ரூப்புக்கு கமடோர் ஹார்வுட் தலைவர். மனுஷன் மேப்ப விரிச்சு வெச்சு, அவன் சுத்தி சுத்தி கடைசில ப்ளேட் ஆத்து மொகத்துக்கு தான் வருவான், அங்க தான் சரக்கு போக்குவரத்து ஜாஸ்தின்னு கணக்கு போட்டு மூணு கப்பலையும் அங்க கொண்டு போய் நிறுத்துனாரு. எக்ஸெட்டர், ஏஜாக்ஸ், அக்கிலீஸ். 1939 டிசம்பர் 13 காலைல ஆறு மணி தாண்டுனதும் தூரத்துல புகை. அவர் கணக்கு அப்படியே பலிச்சுது.

க்ராஃப் ஷ்பே கிட்ட 11 இன்ச் பீரங்கி ஆறு, ஒரு குண்டு 300 கிலோ. அக்கிலீஸ் குண்டு ஒண்ணு 51 கிலோ தான். எக்ஸெட்டர் கிட்ட 8 இன்ச் இருந்துச்சு, அதனால ஜெர்மன்காரன் மொதல்ல அத தான் அடிச்சான், கன்னாபின்னான்னு அடிச்சு 61 பேர் செத்தாங்க. ஹார்வுட் ப்ளான் என்னன்னா ரெண்டு பக்கமா பிரிஞ்சு நிக்கறது, அவன் ஒரு பக்கம் சுட்டா இன்னொரு பக்கத்துல இருந்து அடி விழணும். எக்ஸெட்டர் முடியாத நெலமைக்கு போகும்போதெல்லாம் ஏஜாக்ஸும் அக்கிலீஸும் கிட்ட கிட்ட போய் குத்திட்டு வந்துச்சுங்க.

அக்கிலீஸ் மேல நேரா குண்டு விழல. பக்கத்துல தண்ணில விழுந்து வெடிச்ச ஒரு 11 இன்ச் குண்டோட சிதறல் வந்து டைரக்டர் டவர்ல பாஞ்சுது. இது ப்ரிட்ஜுக்கு, அதாவது கேப்டன் நின்னு கப்பல ஓட்டற மேடைக்கு மேல ஒசரத்துல இருக்கற ஒரு சின்ன ரூம் மாதிரி, எதிரி எவ்ளோ தூரம் எந்தப் பக்கம்னு பாத்து நாலு டர்ரெட்டுக்கும் சொல்றது இங்க இருந்து தான், கப்பலோட கண்ணு அது. அந்த அடில மொத்தம் நாலு பேர் செத்தாங்க. அதுக்குள்ள இருந்த மெரீன் சார்ஜென்ட் சாமுவேல் ட்ரிம்பிளுக்கு பலத்த காயம், ஆனா சண்டை முடியற வரைக்கும் வாய தொறக்காம நின்னு வேலைய பாத்தாரு, பின்னாடி அதுக்கு மெடல் குடுத்தாங்க. கேப்டன் பேரிக்கு கால்ல சிதறல். அவரும் எறங்கல. அன்னைக்கு மட்டும் அக்கிலீஸ் 200 தடவைக்கும் மேல எல்லா பீரங்கியையும் சேத்து சுட்டுச்சு. இந்த 6 இன்ச் பீரங்கிக்கு குண்டு தனி, மருந்து மூட்டை தனி, ரெண்டையும் ஆளு தான் கையால உள்ள தள்ளணும், மெஷின் கிடையாது. 51 கிலோ குண்ட, ஆடற கப்பல்ல, மூடுன இரும்பு டப்பாக்குள்ள, ஒரு மணி நேரத்துக்கு மேல.

அப்புறம் க்ராஃப் ஷ்பே உருகுவே நாட்டு மான்டிவிடியோ துறைமுகத்துக்குள்ள ஓடுனது, வெளில பெரிய ப்ரிட்டிஷ் படையே காத்துட்டு இருக்குன்னு புரளி கெளப்பி விட்டது, 17ந் தேதி சாயங்காலம் லாங்ஸ்டார்ஃப் தன் கப்பல தானே வெடி வெச்சு மூழ்கடிச்சது, மூணு நாள்ல ப்யூனஸ் ஏர்ஸ்ல அவரு தன்னைத்தானே சுட்டுகிட்டது, இதெல்லாம் நீங்க வேற எங்கயாவது படிச்சிருப்பீங்க. 1940 பிப்ரவரி 23 ஆக்லாந்துல கப்பல் திரும்பி வந்தப்போ ஊரே ரோட்டுல. நியூசிலாந்துக்கு அந்த யுத்தத்துல கெடைச்ச மொத பேரு அது தான், இன்னைக்கும் அவங்களுக்கு அக்கிலீஸ்னா குலசாமி லெவல்.

இப்ப கேப்டன் பேரிய ஞாபகம் வெச்சுக்கோங்க, அவர் திரும்ப வருவாரு.

பசிபிக்ல நடந்தத சீக்கிரமா சொல்லிடறேன். 1943 ஜனவரி 5 குவாடல்கனால் பக்கத்துல ஜப்பான் விமானம் போட்ட குண்டு பின்பக்க டர்ரெட் ஒண்ணு மேல நேரா விழுந்து 13 பேர் செத்தாங்க. ரிப்பேருக்கு போர்ட்ஸ்மவுத் அனுப்புனா அங்க ஜூன் 22ந் தேதி கப்பலுக்கு அடில எண்ணெய் டேங்க்ல வெடிச்சு இன்னும் 14 பேர். அந்த ஜப்பான் குண்டுல செத்தத விட ரிப்பேர்ல ஒருத்தர் ஜாஸ்தி, என்ன கொடுமை பாருங்க. அந்த ஒடஞ்ச டர்ரெட்ட திரும்ப வெக்கல, கழட்டி எடுத்துட்டு விமானத்த சுடற சின்ன துப்பாக்கிங்கள வெச்சுட்டாங்க. அதனால நம்ம கிட்ட வந்த கப்பலுக்கு டர்ரெட் மூணு, பீரங்கி ஆறு. 1945ல பசிபிக் ஃப்ளீட்டோட சேந்து ஒக்கினாவா பக்கம் இருந்துச்சு, ஜூன்ல ட்ருக் தீவ சுட்டுச்சு, 1946 செப்டம்பர்ல இங்கிலாந்துல திருப்பி ஒப்படைச்சாச்சு. சுபம்னு கார்டு போட வேண்டிய இடம் இது தான். கூட பொறந்த நாலும் 1950 வாக்குல இல்ல. நெப்டியூன் 1941லயே லிபியா பக்கம் கண்ணிவெடில மாட்டி ஒரே ஒருத்தர் தவிர எல்லாரும் போய்ட்டாங்க, மத்தது எல்லாம் ஒடைக்க போயிடுச்சு. அக்கிலீஸ் மட்டும் தான் கெழக்க பாத்து திரும்புச்சு.

நம்ம ஊரு நெலமைய பாக்கணும். 1946 பிப்ரவரில இதே பாம்பேல தல்வார்ங்கற நேவி ட்ரெயினிங் மையத்துல தொடங்கி நேவி பசங்க ஸ்ட்ரைக் பண்ணி ஊரே பத்திகிட்டு எரிஞ்சுது. அடுத்த வருஷம் பிரிவினை, கப்பலையும் பங்கு போட்டாச்சு. அதுல ஒரு வேடிக்கை, சின்ன போர்க்கப்பல் ஸ்லூப்ஸ்னு சொல்வாங்க, அதுக்கெல்லாம் ஆத்து பேர் வெச்சிருந்தாங்க, பங்கு பிரிச்சப்போ சட்லஜ் நம்ம பக்கம், கோதாவரியும் நர்மதாவும் பாகிஸ்தானுக்கு! காவிரி மட்டும் நல்லவேளையா இங்கயே இருந்துச்சு. அப்படி நாலு ஸ்லூப்பும் சின்ன சின்ன படகும் வெச்சிருந்த நேவிக்கு மொத பெரிய கப்பலா வந்தது தான் இது. 1948 ஜூலை 5ந் தேதி ஹெச்.எம்.ஐ.எஸ். டெல்லின்னு பேர் மாத்தி கமிஷன் பண்ணி, செப்டம்பர் 16ந் தேதி பாம்பே வந்து சேந்துச்சு. 1950ல குடியரசு ஆனதும் ஐ.என்.எஸ்.

பாம்பேல நிக்கற கப்பலுக்கு டெல்லின்னு பேர். எங்க ஆளுங்களுக்கு அப்பவே ஒரு மாதிரி தான் இருந்திருக்கும். மும்பைங்கற பேர்ல ஒரு போர்க்கப்பல் வர 2001 ஆச்சு.

கேப்டன் அப்போ இன்னும் வெள்ளக்காரர் தான், ப்ரவுன்னு ஒருத்தர். ஆனா அவருக்கு அடுத்த எடத்துல, கப்பலோட அன்றாட வேலை மொத்தத்தையும் பாத்துக்கற எக்ஸிக்யூட்டிவ் ஆஃபீசரா இருந்தது கமாண்டர் ராம் தாஸ் கட்டாரி. பொறந்தது நம்ம செங்கல்பட்டு, 1911. பாம்பேல நின்ன ட்ரெயினிங் கப்பல் டஃப்ரின்ல 1927ல சேந்த மொத பேட்ச். இதே ஆளு தான் 1958 ஏப்ரல்ல இந்திய நேவிக்கு மொத இந்திய தலைவரா ஆனாரு. சுதந்திரம் வந்து 11 வருஷம் கழிச்சு! அதுவரைக்கும் வரிசையா வெள்ளக்காரங்க தான், ஆர்மில எல்லாம் 1949லயே கரியப்பா வந்துட்டாரு. இதுக்கு காரணம் சிம்பிள், பெரிய கப்பல ஓட்டி பழகுன இந்திய ஆஃபீசர் யாருமே இல்ல. ஓட்டி பழக ஒரு பெரிய கப்பல் வேணும்ல? அந்த ஸ்கூல் தான் டெல்லி. அதனால தான் இத பழைய இரும்புன்னு சொல்றவன பாத்தா எனக்கு எரிச்சல் வரும்.

இப்ப பேரி. சண்டைல கால்ல அடிபட்ட அதே கேப்டன் டபிள்யூ. ஈ. பேரி. யுத்தம் முடிஞ்சு பதவி ஏறி ஏறி வைஸ் அட்மிரல் ஆகி, 1948 ஆகஸ்ட்ல இந்திய நேவிக்கு கமாண்டர் இன் சீஃபா வந்து உக்காந்துட்டாரு. ஒரே மாசத்துல அவரோட பழைய கப்பல் அவருக்கு கீழயே வந்து சேருது, இந்திய மாலுமிங்களோட, வேற பேரோட. 1951 வரைக்கும் அவரு தான் தலைவர். சினிமால வெச்சா லாஜிக் இல்லன்னு சொல்லுவோம். இவ்ளோ பெரிய விஷயத்த அந்தப் பத்து பக்க சண்டை கட்டுரைல ஒருத்தனும் எழுத மாட்டான்.

சினிமான்னதும் ஞாபகம் வருது. 1956ல ப்ரிட்டன்ல இந்த ப்ளேட் ஆத்து சண்டைய படமா எடுத்தாங்க. ஏஜாக்ஸும் எக்ஸெட்டரும் ஏது, ஒண்ணு ஒடச்சாச்சு, ஒண்ணு 1942ல ஜாவா கடல்ல மூழ்கியாச்சு. அதனால ஏஜாக்ஸ் வேஷத்துல ஷெஃபீல்டு, எக்ஸெட்டர் வேஷத்துல ஜமைக்கா, க்ராஃப் ஷ்பே வேஷத்துக்கு அமெரிக்காக்காரன் சேலம்னு ஒரு ஹெவி க்ரூசர் குடுத்தான் (நம்ம மாம்பழ சேலம் இல்ல, மாசசூசெட்ஸ்ல இருக்கறது). சண்டை போட்ட மூணுல உசுரோட இருந்தது ஒண்ணே ஒண்ணு தான், அக்கிலீஸா அக்கிலீஸே நடிச்சுது. ஆனா அப்போ அது இந்திய நேவி கப்பல், ஸ்க்ரீன்ல நியூசிலாந்து வீரம் ஓடிட்டு இருக்கும்போது உள்ள எஞ்சின் ரூம்ல வேலை பாத்தது நம்ம ஆளுங்க. பின்னாடி ஒரு டர்ரெட் கொறையும், தெரிஞ்சவங்க பாத்தா கண்டுபுடிச்சுடுவாங்க. எனக்கு அந்த சீன் வரும்போதெல்லாம் சண்டைய விட அந்த காலி எடம் தான் கண்ணுல படும்.

அதுக்கு முன்னாடியே 1950 ஜூன்ல நேரு இந்தோனேசியா போனப்போ விமானத்துல போகாம இந்த கப்பல்ல தான் போனாரு. புதுசா சுதந்திரம் வாங்குன ஒரு நாட்டோட பிரதமர், புதுசா சுதந்திரம் வாங்குன இன்னொரு நாட்டுக்கு, சொந்த க்ரூசர்ல போய் எறங்கறாரு. சும்மா கெத்துக்கு தான், ஆனா கெத்தும் தேவைப்பட்ட நேரம் அது. 1953ல எலிசபெத் ராணி முடிசூட்டுக்கு ஸ்பிட்ஹெட்ல நடந்த கப்பல் அணிவகுப்புக்கும் டெல்லி போச்சு, ரஞ்சித், தீர்னு இன்னும் ரெண்டு கப்பலோட. குடியரசு ஆன நாடு ராணிக்கு சல்யூட் அடிக்க போனது பத்தி உங்களுக்கு வேற கருத்து இருந்தா கமெண்ட்ல சண்டை போடலாம், எனக்கு ஓகே தான்.

எங்க பெரியப்பா பாம்பே நேவி டாக்யார்டுல, அதாவது கப்பல் ரிப்பேர் பண்ற எடத்துல ஃபிட்டர். திருநெல்வேலி பக்கத்துல இருந்து தாராவிக்கு வந்து, அங்க இருந்து சயான் வந்து செட்டில் ஆனவரு. டெல்லி, அப்புறம் நம்ம நேவில இருந்த இன்னொரு க்ரூசர் மைசூர், ரெண்டுலயும் வேலை பாத்திருக்காரு. அவர் கிட்ட க்ராஃப் ஷ்பே, லாங்ஸ்டார்ஃப்னு ஆரம்பிச்சா, "ஏலே, அதெல்லாம் எனக்கு என்ன தெரியும், பாய்லர் பத்தி கேளு"ன்னு சொல்லிடுவாரு. பாய்லர் பத்தி கேட்டா மட்டும் நிறுத்த மாட்டாரு. கப்பல் ரிப்பேருக்கு வந்தா மொதல்ல பாய்லர் ஆறணும், அவசரப்பட்டு தொறக்க முடியாது, தொறந்தாலும் சூடு உள்ளயே நிக்கும். ட்ரம்முல ஆள் எறங்கற ஓட்டை முட்டை மாதிரி நீள வட்டமா இருக்குமாம், ஒரு கைய நேரா நீட்டி மொதல்ல உள்ள விடணும், அப்புறம் தலை, அப்புறம் தோள சாய்ச்சு, கடைசில இடுப்பு. "குண்டா இருக்கவன் போவவே முடியாது, அதான் என்ன அனுப்புவான்"ன்னு இப்ப தொப்பைய தடவிகிட்டே சொல்றாரு. உள்ள படுத்துகிட்டே ஒவ்வொரு ட்யூப்லயும் ப்ரஷ் விட்டு தேய்க்கணும், ஒயர்ல பல்பு ஒண்ணு தொங்கும், சாந்து மாதிரி கருப்பா கொட்டும், வெளில வந்தா பல்லு மட்டும் தான் வெள்ளையா தெரியும். ஒரு வால்வு பக்கத்துல பித்தளை பட்டைல என்னமோ இங்கிலீஷ்ல எழுதிருக்கும், அத தேய்க்காம விட்டா ஸ்டோக்கர் பெட்டி ஆஃபீசர் கத்துவாராம். மைசூர் மேல அவருக்கு ஒரு தனி மரியாதை, பெருசு, மூணு பீரங்கி டர்ரெட், ரெண்டு சிம்னி. டெல்லிய மட்டும் "அந்த ஒத்த சிம்னி கிழவி"ன்னு தான் சொல்லுவாரு, பாசமா.

டாக்யார்டுக்குள்ள இன்னைக்கும் க்ரூசர் க்ரேவிங் டாக்னு ஒரு பெரிய ட்ரை டாக் (தண்ணிய வடிச்சுட்டு கப்பல ரிப்பேர் பண்ற தொட்டி) இருக்கு. இந்திய நேவில இப்ப க்ரூசர்னு ஒண்ணு கூட கிடையாது. லயன் கேட் பக்கம் ஃபோர்ட்ல பஸ் புடிக்க நிக்கறவங்கள்ல எத்தன பேருக்கு தெரியும் அந்த மதிலுக்கு பின்னாடி என்ன என்ன வந்து நின்னுட்டு போயிருக்குன்னு.

கிழவி சும்மா ஷோவுக்கு மட்டும் இருந்துச்சுன்னு நெனைக்காதீங்க. 1961 டிசம்பர்ல கோவா விடுதலைக்கு ஆபரேஷன் விஜய் நடந்தப்போ மைசூர் கோவா பக்கத்துல இருக்கற அஞ்சதீவுக்கு போச்சு, அங்க போர்ச்சுகீசியன் எதிர்ப்புல நம்ம மாலுமிங்க 7 பேர் செத்தாங்க. டெல்லிய அனுப்பினது வடக்க, சௌராஷ்ட்ரா கடைசில இருக்கற டையூவுக்கு. 18ந் தேதி விடியறதுக்கு முன்னாடில இருந்தே ஆர்மி பசங்க தண்ணிய தாண்ட முடியாம அடி வாங்கிட்டு இருந்தாங்க, கடல் பக்கம் இருந்து டெல்லி டையூ கோட்டைய பாத்து 6 இன்ச்ச தொறந்துச்சு. மறுநாள் டையூ சரண்டர். 1939ல க்ராஃப் ஷ்பேய சுட்ட டர்ரெட்டுங்க, 22 வருஷம் கழிச்சு, போர்ச்சுகீசியன் கோட்டை மேல. யோசிச்சு பாத்தா ஒரு ஐரோப்பாக்காரன் காலனிய காப்பாத்த கட்டுன கப்பல், இன்னொரு ஐரோப்பாக்காரன் காலனிய காலி பண்ண வந்து நிக்குது. பர்க்கென்ஹெட்ல ரிவெட் அடிச்சவன் கனவுலயும் நெனச்சிருக்க மாட்டான்.

அறுபதுகள்ல அதுக்கு வயசாயிடுச்சு. விமானம் தாங்கி கப்பல் விக்ராந்த் வந்தாச்சு, 1971ல மேற்கு ஃப்ளீட்டுக்கு மைசூர் தான் ஃப்ளாக்‌ஷிப், அதாவது தலைமை கப்பல், அதே யுத்தத்துல கராச்சிய எரிச்சது ரஷ்யாவுல இருந்து வாங்குன குட்டி குட்டி மிசைல் போட். 51 கிலோ குண்ட கையால தள்ற காலம் முடிஞ்சுது. இதுக்கு நடுவுல 1969ல டெல்லி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபிஜின்னு ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துச்சு. ஊரே ரோட்டுக்கு வந்து வரவேத்த அதே ஆக்லாந்துக்கு, 29 வருஷம் கழிச்சு, மூவர்ணக் கொடியோட. நம்ம நேவில யாரோ ஒருத்தருக்கு இந்த கப்பலோட பூர்வீகம் நல்லா தெரிஞ்சிருக்கு, அவருக்கு ஒரு கும்பிடு.

1978 ஜூன் 30, பாம்பேல கொடி எறக்கியாச்சு. அதுக்கப்புறம் நம்மாளுங்க ஒரு நல்ல காரியம் பண்ணாங்க. இரும்ப எடை போட்டு விக்கறதுக்கு முன்னாடி பின்பக்க டர்ரெட்ட முழுசா கழட்டி நியூசிலாந்துக்கு பரிசா அனுப்பிட்டாங்க. ஆக்லாந்துல டெவன்போர்ட் நேவி பேஸ் வாசல்ல இப்பவும் இருக்கு, ரெண்டு பீரங்கியும் நீட்டிகிட்டு. அங்க போறவங்க அக்கிலீஸ் டர்ரெட்னு ஃபோட்டோ எடுத்துக்கறாங்க, தப்பில்ல, ஆனா அந்த டர்ரெட் அவங்க கிட்ட இருந்தத விட நம்ம கிட்ட தான் ஜாஸ்தி நாள் இருந்துச்சு, கடைசியா கோபத்துல சுட்டது டையூவ. நியூசிலாந்துல சொந்தக்காரங்க இருக்கறவங்க யாராவது போனா ஃபோட்டோ அனுப்புங்க, முக்கியமா உள்பக்கம் தெரியற மாதிரி, பெரியப்பாவுக்கு காட்டணும்.

பேரும் வீணா போகல. மஸ்காவ்ன் டாக்ல நம்மளே கட்டுன டெஸ்ட்ராயர் 1997 நவம்பர்ல ஐ.என்.எஸ். டெல்லின்னு சர்வீஸுக்கு வந்துச்சு, அதே வரிசைல அடுத்தது மைசூர், மூணாவது நான் மேல சொன்ன மும்பை. ஜப்பான்காரன் குண்டுல போன அந்த நாலாவது டர்ரெட் பத்தி கேட்டு ஏற்கனவே ஒருத்தர் மெசேஜ் பண்ணிட்டாரு, சார், அது இந்தியாவுக்கு வரவே இல்ல, மேல எழுதிருக்கேன், படிங்க.

மைசூர் கதை இதவிட பெருசு. ஹெச்.எம்.எஸ். நைஜீரியாவா இருந்தப்போ 1941ல ஜெர்மன் வானிலை கப்பல் ஒண்ண மடக்கி எனிக்மாங்கற ஜெர்மன் ரகசிய கோடு மெஷினோட பேப்பர் புடிச்சதுல அதுக்கும் பங்கு உண்டு, அடுத்த வருஷம் மால்ட்டா கான்வாய்ல டார்பிடோ வாங்கிட்டு தப்பிச்சு வந்துச்சு. அத தனியா எழுதறேன், பெரியப்பா ஊருக்கு போயிருக்காரு, வந்தப்புறம்.